தூக்காதே என்று சொன்ன கரீம் பாய்

படிக்கக் கற்றுக்கொண்டதிலிருந்து நான் எந்தப் பலகையையும் சும்மா விடுவதில்லை. போன மாதம் ஒரு வெள்ளிக்கிழமை, கரீம் பாயைப் பார்க்கலாம் என்று பட்டாபிராமிலிருந்து பூந்தமல்லிக்குப் புறப்பட்டேன். வழியெல்லாம் படித்துக்கொண்டே போனேன். 'பழைய பேட்டரி வாங்கப்படும்.' 'இங்கு நோட்டீஸ் ஒட்டாதீர்கள்.' 'கண்ணாடி அறுத்துத் தரப்படும்.' பூந்தமல்லியில் இறங்கி பாய் வீட்டுத் தெருவுக்குத் திரும்பும் இடத்தில் பள்ளிவாசல் இருக்கிறது. அதன் வாசலில் ஒரு கரும்பலகை. அதையும் விடவில்லை. எனக்கு ஒரு பெயரைப் படித்து முடிக்க நேரம் ஆகும். 'அப்' என்று படித்து, 'துல்' என்று படித்து, 'கரீம்' என்று முடித்தபோதும் எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. பூந்தமல்லியில் அந்தப் பெயருக்கு என்ன குறைச்சல்? ஆனால் பெயருக்குக் கீழே, 'பவுண்டரியில் வேலை பார்த்தவர்' என்று எழுதியிருந்தது. அதற்கும் கீழே, அடக்கம் செய்யும் நேரம்.

படிக்கத் தெரியாமல் இருந்திருந்தால், அந்தத் தெரு முனையிலிருந்து அவர் வீட்டு வாசல் வரைக்குமாவது பாய் எனக்கு உயிரோடு இருந்திருப்பார்.

வீட்டு வாசலில் பிளாஸ்டிக் நாற்காலிகள் போட்டிருந்தார்கள். எங்கள் பழைய ரக்பி ஆட்டக்காரன் டில்லிபாபு திருநின்றவூரிலிருந்து எனக்கு முன்னாலேயே வந்து உட்கார்ந்திருந்தான். அவனுக்கும் எழுபத்தைந்து வயது தாண்டிவிட்டது. "பாய் பூட்டாரு மாமே. காலைல தொழுதுட்டு வந்து டீ குடிச்சாராம், படுத்தாராம், அவ்ளோதான். உனக்கு எத்தினி வாட்டி போன் போடறது?" என்றான். என் போனில் சார்ஜ் இல்லை.

சாயங்காலம் அவரைச் சந்தூக்குப் பெட்டியில் வைத்து நாலு பக்கமும் ஆட்கள் தோள் கொடுத்துத் தூக்கினார்கள். டில்லிபாபு என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதான். அழுதுகொண்டிருந்தவனுக்குத் திடீரென்று சிரிப்பு வந்துவிட்டது. "ஆயுசு முழுக்க 'தூக்காத, தூக்காத'ன்னு கத்தின மனுசன் மாமே. இப்ப இத்தினி பேரு தூக்கறாங்கோ, ஒரு வார்த்தை பேசாமக் கீறாரே" என்றான். எனக்கும் சிரிப்பை அடக்க முடியவில்லை. பக்கத்திலிருந்தவர்கள் எங்களை ஒரு மாதிரியாகப் பார்த்தார்கள்.

கரீம் பாயைத் தெரிந்தவர்களுக்கு அந்தச் சிரிப்பு புரியும். தெரியாதவர்களுக்காகவும், தெரிந்தவர்களுக்கே தெரியாத ஒரு விஷயத்துக்காகவும் இதை எழுதுகிறேன். மெதுவாகத்தான் எழுதுகிறேன். நீங்களும் மெதுவாகவே படிக்கலாம், அவசரமில்லை.

எங்கள் கம்பெனி மண்ணூர்பேட்டை பக்கம் இருந்தது. இரும்பை உருக்கி அச்சில் ஊற்றும் பவுண்டரி. அறுபதுகளின் கடைசியில் நான் அங்கே சேர்ந்தேன். உருகிய இரும்பை, நீளக் கைப்பிடி வைத்த ஒரு வாளியில் இரண்டு பேராகத் தூக்கிக்கொண்டு போய் அச்சில் ஊற்ற வேண்டும். முன்னால் பாய், பின்னால் நான். ஏழு வருடம் அவர் முதுகைப் பார்த்தே வேலை செய்தேன். அவர் முகத்தைவிட முதுகுதான் எனக்கு நன்றாகத் தெரியும்.

அந்த வேலைக்கு ஒரு வழக்கம் உண்டு. தூக்குவதற்கு முன், முன்னால் நிற்பவர் "ஆச்சா?" என்று கேட்பார். பின்னால் நிற்பவர் "ஆச்சு" என்று சொன்ன பிறகுதான் வாளி தரையை விட்டுக் கிளம்பும். வழியில் யார் "இரு" என்று சொன்னாலும் எல்லோரும் நின்றுவிட வேண்டும். சொன்னவன் யார், எதற்குச் சொன்னான் என்று கேட்கக் கூடாது. தரை கூட்டுகிறவர் சொன்னாலும் நிற்க வேண்டும். ஒருமுறை மானேஜரே குறுக்கே வந்தபோது பாய் "இரு" என்றார். மானேஜர் ஒரு காலைத் தூக்கியபடியே நின்றார். அந்தக் காலைக் கீழே வைக்கலாமா என்று பாயிடம் கேட்டுவிட்டுத்தான் வைத்தார்.

உலை அமைத்துக் கொடுப்பதற்காக ஒரு வெள்ளைக்கார எஞ்சினீயர் வந்து இரண்டு வருடம் எங்களோடு இருந்தார். எங்கள் தோள்களைப் பார்த்துவிட்டு, இவர்கள் ரக்பி ஆடப் பிறந்தவர்கள் என்று அவரே முடிவு செய்துகொண்டார். ஒரு நாள் முட்டை மாதிரி ஒரு பந்தைக் கொண்டுவந்து கொடுத்தார். பாய் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "எவனோ மேல குந்திட்டான் நைனா. காத்து அடிச்சா சரியாப் பூடும்" என்றார். ஆட்டத்தின் சட்டத்தைச் சொன்னபோது எங்கள் குழப்பம் இன்னும் அதிகமானது. முன்னால் ஓட வேண்டும், ஆனால் பந்தைப் பின்னால்தான் வீச வேண்டும். "போற எடம் முன்னால கீது, குடுக்கற எடம் பின்னால கீது. இன்னா ஆட்டம் இது?" என்று டில்லிபாபு கேட்டான். அப்போது அவன் எங்கள் பவுண்டரியிலேயே பெரிய உடம்புக்காரன். எட்டுப் பேர் தோளோடு தோள் பின்னிக் குனிந்து, எதிரில் அதே மாதிரி குனிந்து நிற்கும் எட்டுப் பேரோடு தலை கோத்துத் தள்ளும் ஒரு கட்டம் அந்த ஆட்டத்தில் உண்டு. அதற்கு நாங்கள் வைத்த பெயர் 'முட்டு'. அது மட்டும் எங்களுக்கு முதல் நாளே வந்துவிட்டது.

எஞ்சினீயர் ஊருக்குத் திரும்பும்போது பந்தையும் விசிலையும் எங்களிடம் விட்டுப் போனார். பாயைக் கோச் என்றும், என்னைத் துணைக் கோச் என்றும் சொல்லிவிட்டுப் போனார். பாயை வைத்ததற்குக் காரணம் அவர் குரல். உலை இரைச்சலைத் தாண்டி அது கேட்கும். என்னை வைத்ததற்குக் காரணம் என் சட்டைப் பையில் இருந்த பேனா. அந்தக் காலத்தில் நான் பேனா இல்லாமல் வெளியே வர மாட்டேன். அதில் மை கிடையாது. இருந்தும் பிரயோஜனம் இல்லை, ஏனென்றால் எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. கையெழுத்தை மட்டும் கோலம் மாதிரி வரையக் கற்று வைத்திருந்தேன். ஏழுமலை பத்தாவது வரை படித்தவன் என்று கம்பெனியில் ஒரு பேச்சு இருந்தது. நான் மறுத்ததில்லை.

எட்டு மணி நேரம் புகையில் நின்றவனுக்கு ஞாயிற்றுக்கிழமைப் புல்லில் விழுந்து புரள்வது எப்படி இருந்தது என்பதை எழுத, என்னிடம் இன்னும் எழுத்து சேரவில்லை. விழுவதற்காகவே ஓடுவோம் என்று மட்டும் சொல்லலாம்.

அப்படி ஓடியபோதுதான் டில்லிபாபு ஒரு நாள் தோள் இடிபட்டு விழுந்தான். கொஞ்சம் வலித்தது, அதனால் எழுந்திருக்காமல் படுத்திருந்தான். அவ்வளவுதான் நடந்தது. அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் எங்கள் உதவி. ஒருவன் அவன் முகத்தில் கோலி சோடாவை உடைத்து ஊற்றினான். வலிப்பு வந்துவிட்டது என்று நினைத்த இன்னொருவன் இரும்புச் சாவிக் கொத்தை அவன் கையில் திணித்து விரல்களை மூடி அழுத்தினான். நான் அவன் உச்சி மயிரைப் பிடித்து இழுத்தேன். மயக்கம் தெளியும் என்று யாரோ எப்போதோ சொல்லியிருந்தார்கள். "எனுக்கு மயக்கம் இல்ல மாமே, உடு" என்று அவன் கத்தினான். மயக்கத்தில் உளறுகிறான் என்று இன்னும் பலமாக இழுத்தேன். பிறகு இரண்டு பேர் ஆளுக்கொரு கையைப் பிடித்து "ஏந்திரிடா!" என்று ஒரே இழுப்பாக இழுத்தார்கள். அப்போதுதான் தோள் மூட்டு கழன்றது.

பெரியாஸ்பத்திரி டாக்டர், "விழுந்ததுல அடி இல்ல. தூக்கினதுலதான் அடி" என்றார். சோடாவில் கண்ணும் சிவந்திருந்தது. உச்சியில் கொஞ்சம் மயிரும் போயிருந்தது.

மானேஜர் எங்கள் இரண்டு பேரையும் கூப்பிட்டார். ஆவடியில் பட்டாளத்து மைதானத்தில், ரக்பி கோச்சுகளுக்கு ஐந்து ஞாயிற்றுக்கிழமை பாதுகாப்புப் பயிற்சி நடக்கப் போகிறது. இரண்டு பேரும் போய், கடைசியில் வைக்கும் பரீட்சையில் தேறி, சர்டிபிகேட்டோடு வர வேண்டும். வராவிட்டால் அணியைக் கலைத்துவிடுவேன் என்றார். சிட்டியில் ஒரு பெரிய கிளப் எங்களை முதல் முறையாக ஆட்டத்துக்குக் கூப்பிட்டிருந்த சமயம் அது. வெளியே வந்ததும் டில்லிபாபு கட்டுப்போட்ட தோளோடு ஓடி வந்தான். "பரீச்சைனா இன்னா, நீதான் கீறியே மாமே, படிச்ச ஆளு" என்றான். நான் பையில் இருந்த மையில்லாத பேனாவைத் தொட்டுப் பார்த்துக்கொண்டேன்.

ஆனால் பாய் கூட இருக்கிறார் என்று ஒரு தைரியம் எனக்கு. பாய் தன் கையெழுத்தை வலது பக்கத்திலிருந்து இடது பக்கமாகப் போடுவார். அப்படிப் போடுகிறவர் எவ்வளவு படித்திருக்க வேண்டும் என்று நினைத்திருந்தேன்.

பயிற்சிக்கு எங்களோடு பட்டாளத்து ஆட்கள் சிலரும், பள்ளிக்கூட டிரில் மாஸ்டர்கள் சிலரும் வந்திருந்தார்கள். வடக்கத்தியக் கேப்டன் ஒருவர் பாடம் நடத்தினார். அவர் இங்கிலீஷில் சொல்வதை ஒரு தமிழ் சுபேதார் எங்களுக்குச் சொல்வார். அடிபட்டவனைத் தூக்காதே. உட்கார வைக்காதே. தண்ணீர் கொடுக்காதே. கழுத்தில் அடி என்று சந்தேகம் வந்தால் தலையை இரண்டு கையாலும் ஆடாமல் பிடித்துக்கொள், ஆம்புலன்ஸ் வரும் வரை விடாதே. இவ்வளவுதான் பாடம். சுபேதார் ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல, அவர் கூடாது என்றதையெல்லாம் நாங்கள் டில்லிபாபுவுக்குச் செய்திருக்கிறோம் என்று தெரிந்தது. பாய் என் காதில், "சாவிக் கொத்து பத்தி ஒண்ணியும் சொல்லலியே. அது மட்டும் செய்யலாம் போலக் கீது" என்றார்.

முட்டுக்கு நிற்கும்போது கழுத்து முறியாமல் எப்படி இறங்குவது என்று இரண்டாவது ஞாயிறு சொல்லிக் கொடுத்தார்கள். கேப்டனின் கட்டளைகள் பட்டாளத்துக்குப் புரிந்தன, எங்களுக்குப் புரியவில்லை. பாய் எழுந்து, "சார், எங்க பவுண்டரில ஒரு வழக்கம் கீது" என்று ஆரம்பித்தார். குனிந்தவர்களை வரிசையாக "ஆச்சா? ஆச்சா?" என்று கேட்டுக்கொண்டே போனார். கடைசி ஆள் "ஆச்சு" என்று சொல்லும் வரை தள்ள விடவில்லை. தள்ளும்போது எவன் "இரு" என்றாலும் இரண்டு பக்கமும் நின்றுவிட வேண்டும் என்றார். சுபேதார் அதை மாற்றிச் சொன்னதும் கேப்டன் தன் நோட்டில் ஏதோ குறித்துக்கொண்டார். பாய் அன்று ரயிலேறும் வரை தரையில் நடக்கவில்லை.

பாடக் குறிப்பைத் தமிழில் சைக்ளோஸ்டைல் எடுத்து ஆளுக்கொரு புத்தகமாகக் கொடுத்திருந்தார்கள். ஆவடியிலிருந்து அம்பத்தூர் திரும்பும் ரயிலில் பாய் அதை விரித்துப் பிடித்துக்கொண்டு உட்காருவார். நானும் என்னுடையதை விரிப்பேன். அவர் பக்கம் திருப்பினால் நானும் திருப்புவேன். மூன்றாவது ஞாயிறு திடீரென்று கேட்டார்.

"நைனா, பதினாறாம் பக்கத்துல பார்த்தியா? மேட்சுக்கு முன்னால வயிறு முட்டக் கூழு குடிக்கக் கூடாதுன்னு போட்டுக்கீறான்."

"பார்த்தேன் பாய், பார்த்தேன்."

"மீசை வெச்சவன் முட்டுல முன்வரிசைல நிக்கக் கூடாதாம்."

"அதான் பாய், நானும் படிச்சிட்டு யோசிச்சிக்கினே கீறேன்."

பாய் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அவர் தோள் குலுங்கியது. ரயில் ஆட்டத்தில் குலுங்குகிறது என்று நினைத்தேன். அந்தப் புத்தகம் பதினாறு பக்கமே இல்லை என்று பல வருடம் கழித்து அவரே சொன்னார். யாரையோ விட்டு எண்ணச் சொல்லித் தெரிந்துகொண்டாராம்.

பரீட்சை நாள் வந்தது. முதல் நாளே நான் ஒரு ஏற்பாடு செய்திருந்தேன். வலது கை மணிக்கட்டிலிருந்து விரல் நுனி வரை வேட்டித் துணியைக் கிழித்துக் கட்டு போட்டுக்கொண்டு போனேன். இரும்பு தெறித்துக் காயம் என்று சொல்வதாக உத்தேசம். ரயிலில் பாய் அந்தக் கட்டைப் பார்த்தார். சனிக்கிழமை சாயங்காலம் வரை என்னோடு ஒரே வாளியைத் தூக்கியவர். கை இடிபடாமல் உட்காரக் கொஞ்சம் நகர்ந்து எனக்கு இடம் விட்டார்.

தாளைக் கொடுத்தார்கள். எந்த மொழியில் வேண்டுமானாலும் எழுதலாம் என்றார் சுபேதார். எங்களுக்கு முன்னால் சற்குணம் என்ற ஒரு டிரில் மாஸ்டர் உட்கார்ந்திருந்தார். நல்ல பருமன். அவர் உடனே எழுத ஆரம்பித்து, ஸ்கேல் வைத்துக் கோடெல்லாம் போட்டார். நான் கட்டுப்போட்ட கையைத் தாளின் மேல் நன்றாகத் தெரியும்படி வைத்துக்கொண்டேன். பாய் என் பக்கம் சாய்ந்தார்.

"நைனா, கண்ணாடியை ஊட்லயே வுட்டுட்டேன். இன்னா போட்டுக்கீதுன்னு நீ படி."

ஏழு வருடத்தில் பாய் கண்ணாடி போட்டு நான் பார்த்ததே இல்லை. அப்போதுதான் எனக்கு விஷயம் உறைத்தது. நான் அவரை நம்பியும் அவர் என்னை நம்பியும் ஐந்து ஞாயிறு ரயிலில் புத்தகம் விரித்திருக்கிறோம். இல்லை, என்னை அவர் நம்புவதை மூன்றாவது ஞாயிறே நிறுத்தியிருப்பார். இருந்தாலும் கடைசியாக ஒரு தடவை கேட்டுப் பார்த்தார் போலிருக்கிறது.

"எனக்குக் கை வலிக்கிது பாய்" என்றேன்.

"படிக்கறதுக்குக் கையா வேணும்?"

இரண்டு தாளும் வெறுமையாகக் கிடந்தன. சிட்டி கிளப், டில்லிபாபு, ஞாயிற்றுக்கிழமைப் புல் எல்லாம் போகப் போகிறது என்று தெரிந்தது. அதைவிட, பேனா வைத்த ஏழுமலைக்கு ஒன்றும் தெரியாது என்று ஊருக்கே தெரியப் போகிறதே என்றுதான் எனக்குப் பெரிய பயம். உள்ளதைச் சொல்கிறேன்.

பாய் எழுந்து நின்றார். தலையைக் குனியவில்லை. உலைக்குப் பக்கத்தில் பேசுகிற அதே குரலில் சொன்னார்.

"சார், எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. சொல்லச் சொல்ல மனசுல வாங்கிக்கினேன். கேளுங்கோ, சொல்றேன். செய்யச் சொல்லுங்கோ, செய்யறேன்."

அறையில் சிரிப்பு எழுந்தது. சற்குணம் மாஸ்டர் திரும்பிப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டிக்கொண்டார். சுபேதார் என்னைப் பார்த்தார். "நீயும் அப்படித்தானா?" என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்கு முன்னால் பாய் முந்திக்கொண்டார்.

"இல்லீங்க, இவன் படிச்ச ஆளு. கையிலதான் காயம். நேத்து இரும்பு தெறிச்சிடுச்சி. நானே கண்ணால பார்த்தேன்."

சுபேதார் கேப்டனிடம் பேசினார். தாளில் இரண்டு பேருக்கும் பூஜ்யம், செய்முறையில் பார்க்கலாம் என்று முடிவானது.

செய்முறைக்கு எல்லோரும் மைதானத்துக்குப் போனோம். முதலில் வந்த குழு ஒரு முட்டு போட்டுக் காட்ட வேண்டும். சற்குணம் மாஸ்டர் முன்வரிசை நடுவில் நின்றார். 'ஆச்சா' கேட்கும் ஆள் இல்லாத குழு அது. எல்லோரும் தோள் பின்னி முடிப்பதற்குள் பின்வரிசை தள்ளிவிட்டது. பதினாறு பேரும் அப்படியே சரிந்தார்கள். மற்றவர்கள் எழுந்தார்கள். மாஸ்டர் எழவில்லை. "கழுத்து..." என்றார்.

அரை மணி நேரத்துக்கு முன்னால் 'தூக்கக் கூடாது' என்று எழுதிக் கொடுத்தவர்கள் எல்லோரும் தூக்குவதற்கு ஓடி வந்தார்கள். ஒருவர் கால் பக்கம், இரண்டு பேர் கைப் பக்கம். அதற்குள் ஒருவர் கேன்டீனிலிருந்து சோடாவோடு வந்துகொண்டிருந்தார். மாஸ்டரும் எழ முயன்றார். அவர் அரைக்கால் சட்டை பின்னால் கிழிந்திருந்தது. கழுத்தைவிட அதுதான் அவருக்குக் கவலை.

"இரு!"

மைதானம் முழுக்கக் கேட்டது. பட்டாளத்துக்காரர்கள்கூட நின்றுவிட்டார்கள். பாய் ஓடிப்போய்த் தரையில் குப்புறப் படுத்து, மாஸ்டரின் தலையை இரண்டு உள்ளங்கைக்குள்ளும் வாங்கிக்கொண்டார். "தூக்காத! எவனும் தொடாத! நைனா, ஒருத்தனையும் வுடாத!"

நான் குறுக்கே நின்றேன். கையை விரித்துத் தள்ளினேன். சோடாக்காரரைத் தள்ளினேன். ஒரு ஹவில்தாரைத் தள்ளினேன். "பெஞ்சுக்குக் கொண்டு போங்கள்" என்று சைகை காட்டிக்கொண்டே ஓடி வந்த ஒருவரை மார்பில் கை வைத்துத் தள்ளினேன். தள்ளிய பிறகுதான் பார்த்தேன், அது கேப்டன்.

அந்தத் தள்ளலில் என் கட்டு அவிழ்ந்து, துணி முழ நீளத்துக்குத் தொங்கிக்கொண்டிருந்தது. உள்ளே ஒரு கீறல்கூட இல்லாத கை. மாஸ்டரின் தலையை ஆடாமல் பிடித்தபடி, தரையிலிருந்து பாய் என்னை அண்ணாந்து பார்த்தார்.

"நைனா, உன் கை!" என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார்.

அவசரமாகச் சுற்றிக்கொண்டேன். இடது கையில் சுற்றிவிட்டேன். அதைச் சரி செய்து வலது கைக்கு மாற்றும் வரை பாய் என்னையே முறைத்துக்கொண்டிருந்தார்.

பிறகு மாஸ்டரிடம் பேச்சுக் கொடுக்க ஆரம்பித்தார்.

"ஐயா, கிழிசலப் பத்திக் கவலப்படாதீங்க. எங்க பக்கம் தையல்காரங்க ஜாஸ்தி. தச்சா ஒட்டுப் போட்டதே தெரியாது."

"ரொம்பப் பெரிய கிழிசலா?"

"தலைய ஆட்டாதீங்க. சின்னதுதான். நைனா, உன் துண்டக் கொடு."

ஆம்புலன்ஸ் வரும் வரை பாய் அசையவில்லை. எறும்பு கடித்து அவர் முழங்கை முழுக்கத் தடித்திருந்தது. ஆஸ்பத்திரியில் படம் எடுத்துப் பார்த்த பட்டாளத்து டாக்டர், "தலையை ஆடாமல் பிடித்தது யார்?" என்று கேட்டாராம். கழுத்தெலும்பில் விரிசல். தூக்கி உட்கார வைத்திருந்தால் மாஸ்டர் அதற்குப் பிறகு நடந்திருக்க மாட்டார். இரண்டு மாதம் கழித்து அவர் கழுத்துப் பட்டையோடு எங்கள் கம்பெனி கேட்டுக்கு வந்து பாயின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றார். துவைத்து மடித்த என் துண்டையும் கொண்டுவந்திருந்தார்.

பரீட்சை நாளன்று கேப்டன் கடைசியில் பேசியதைச் சுபேதார் எங்களுக்குச் சொன்னார். "உங்க ரெண்டு பேருக்கும் எழுத்துல பூஜ்யம், மைதானத்துல நூறு. ரெண்டையும் கூட்டி ரெண்டால வகுத்தா பாஸாம். தன்னைத் தள்ளினவனுக்கும் சேர்த்துத்தான்னு சொல்றார்."

அணி பிழைத்தது. சிட்டி கிளப்போடு ஆடினோம். எவ்வளவு வித்தியாசத்தில் தோற்றோம் என்று நான் எழுதப் போவதில்லை, டில்லிபாபு இன்னும் உயிரோடு இருக்கிறான். திரும்பும் வழியில் பாய் சொன்னார், "தோத்தா இன்னாடா? பதினஞ்சி பேரு வந்தோம், பதினஞ்சி பேரும் நடந்து ஊட்டுக்குப் போறோம்." அதற்குப் பிறகு ஒவ்வொரு ஆட்டம் முடிந்ததும் அவர் முதலில் தலைகளைத்தான் எண்ணுவார். பிறகுதான் யார் ஜெயித்தது என்று கேட்பார். மைதானத்தில் எவனாவது விழுந்தால் "தூக்காத!" என்று அவர் போடும் சத்தத்தில், விழுந்தவன் பயந்து தானாகவே எழுந்துவிடுவான்.

இனி, உங்களில் யாருக்கும் தெரியாததைச் சொல்கிறேன்.

சர்டிபிகேட்டுகளைக் கம்பெனி நோட்டீஸ் பலகையில் ஒட்டினார்கள். என்னுடையதில், கையில் காயம் என்பதால் செய்முறையில் மட்டும் தேர்வு வைக்கப்பட்டது என்று இருந்ததாம். பாயுடையதில், எழுதப் படிக்கத் தெரியாதவர் என்று இருந்ததாம். படித்தவர்கள் சொல்லித்தான் இரண்டு பேருக்கும் தெரியும். அன்றிலிருந்து அவருக்கு 'கைநாட்டு கோச்சு' என்று பெயர் வந்தது. ஷிப்ட் மாறும்போது கூப்பிடுவார்கள். வெளியூர் அணிக்காரர்களும் கூப்பிட்டார்கள். நோட்டீஸ் ஏதாவது ஒட்டினால், "கைநாட்டு கோச்சு, இன்னா போட்டுக்கீதுன்னு படி" என்று கேட்டுச் சிரிப்பார்கள். நானும் சிரித்தேன். சில நாள் மற்றவர்களுக்கு முன்னால் நானே கூப்பிட்டிருக்கிறேன், அப்போதுதான் என் மேல் சந்தேகம் வராது என்று. பாய் யாரிடமும் என்னைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. எப்போதாவது நாங்கள் இருவர் மட்டும் இருக்கும்போது, "காயம் எப்படிக் கீது நைனா?" என்று கேட்பார். ஐம்பது வருடம் அப்படிக் கேட்டார்.

இரண்டு வருடத்துக்கு முன்னால் பட்டாபிராமில் எங்கள் தெருவுக்குப் பின்னால் பெரியவர்களுக்கு எழுத்து வகுப்பு ஆரம்பித்தார்கள். முதல் நாள் டீச்சரம்மா, "உங்கள்ல யாருக்கு எழுத்து தெரியாது?" என்று கேட்டார். பதினோரு பேர் உட்கார்ந்திருந்தோம். ஒருவரும் கை தூக்கவில்லை. எல்லோரும் ஏதோ கொஞ்சம் தெரிந்த மாதிரி சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தோம். என் சட்டைப் பையில் அன்றும் பேனா இருந்தது. நான் எழுந்து நின்றேன். குரல் மட்டும் என்னுடையதாக இல்லை, உலைப் பக்கத்துக் குரலாக இருந்தது. "எனக்குத் தெரியாதும்மா" என்றேன். ஒவ்வொருவராக மற்றவர்களும் எழுந்தார்கள். "நல்ல வேளை, சரியான இடத்துக்குத்தான் எல்லாரும் வந்திருக்கீங்க" என்றார் டீச்சரம்மா.

ஆனால் பதினோரு பேர் கொண்ட ஓர் அறையில் சொன்னது போதாது. பாய் எழுந்து சொன்னது எனக்காகவும் சேர்த்து. அதை வைத்துச் சிரித்தவர்களில் இப்போது பாதிப் பேர் இல்லை. மீதி இருக்கிறவர்களுக்கு இதை என் கையால் எழுதுகிறேன். ஆவடியில் அன்று என் கையில் காயம் எதுவும் இல்லை. எழுதப் படிக்கத் தெரியாத கோச்சுகள் இரண்டு பேர் இருந்தார்கள்.

பாயின் விசிலை அவர் மகள் டில்லிபாபுவுக்குக் கொடுத்திருக்கிறாள். வாங்கிக்கொள்ளட்டும். எனக்கு அவரிடமிருந்து வேண்டியது அந்தப் பட்டப்பெயரில் என்னுடைய பாதி. இத்தனை வருடம் அவர் தனியாகச் சுமந்தது அது. இனி என்னை எங்கே பார்த்தாலும் 'கைநாட்டு கோச்சு' என்று கூப்பிடுங்கள், திரும்பிப் பார்க்கிறேன்.

இப்படிக்கு,
ம. ஏழுமலை
பட்டாபிராம்